ஏழாவது பந்து

என் மச்சான் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வரவேண்டும் என்று பதினேழு வருடம் காத்திருந்தேன். நான்கு சொல்தான். 'அன்னைக்கு நான்தான் கை காட்டினேன்.' மெதுவாகச் சொன்னால்கூட மூன்று விநாடிக்கு மேல் ஆகாது. அந்த மூன்று விநாடியைத் தவிர மற்றதெல்லாம் தந்தார் மனுஷன். வெளிநாடு போய்வரும்போதெல்லாம் எனக்கு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க அலையாய் அலைந்தார். எனக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர்கள் எல்லாம் பீரோவின் அடித்தட்டில் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. என் மனைவி அவ்வப்போது வெயிலில் போட்டு எடுத்து வைப்பாள்.

நாங்கள் இருவரும் அம்பயர்கள். ஒரே வருடம் பரீட்சை எழுதினோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். விதிப்புத்தகத்தைச் சேர்ந்து படிக்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். விதிகளைப் படித்தேனோ இல்லையோ, அவருடைய தங்கை எந்த நேரத்தில் மாடிக்குத் துணி காயப்போட வருவாள் என்பதை நன்றாகப் படித்துவிட்டேன். அதுவரை வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தவர், கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து 'மாப்ள, வாங்க' என்று மாறினார். நானும் மச்சான் என்று மாறினேன்.

மைதானத்தில் அவருக்கு 'நீதிபதி' என்று பெயர். மற்றவர்கள் அவுட் கொடுத்தால் விரல்தான் உயரும். இவர் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். 'உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் தம்பி' என்கிற முகத்தோடு விரலைத் தூக்குவார். அவுட்டான ஆட்டக்காரனே நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவானோ என்று எனக்குத் தோன்றும். எனக்கு அந்த முகராசி கிடையாது. நான் சரியாகக் கொடுத்தாலும் திருடியவன் மாதிரிதான் தெரியும்.

அம்பயர் வேலையில் வெளியே தெரியாத ஒரு பேச்சு உண்டு. பந்து வீசும் முனையில் ஒருவர் நிற்பார். மற்றவர் ஆட்டக்காரனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நிற்பார். முனையில் நிற்பவருக்குச் சில சமயம் பந்து தெரியாது. நடந்துபோய்க் கேட்கலாம், விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் முப்பதாயிரம் பேர் பார்க்க நடந்துபோய்க் கேட்டால், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். அதனால் கூட்டாளிகள் தங்களுக்குள் சைகை வைத்துக்கொள்வோம். நானும் மச்சானும் வைத்திருந்தது எளியது. கை நெஞ்சில் இருந்தால் கேட்ச் சுத்தம். கை தொடையில் இருந்தால் பந்து தரையில் பட்டுவிட்டது. கை பின்னால் கட்டியிருந்தால் நான் பார்க்கவில்லை, உன் பாடு. ஓவருக்கும் அப்படியே. நான்காவது பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக்கில் இருப்பவர் வயிற்றருகே இரண்டு விரல் காட்டவேண்டும். இன்னும் இரண்டு பந்து என்று பொருள். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் முனையில் இருப்பவர் விரலால் கேட்பார், மற்றவர் விரலால் பதில் சொல்வார்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் ஐந்து நாள் மேட்ச் ஒன்றின் கடைசி நாள். நான் முனையில். அந்த நாட்டின் செல்லப்பிள்ளை ஆடிக்கொண்டிருந்தான், தொண்ணூற்றெட்டு ரன். அவனுடைய நூறுக்காக ஆபீஸ்களையெல்லாம் பாதி நாள் மூடியிருந்தார்கள். பந்து மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப் பக்கம் தாழ்வாகப் போனது. அதே நேரம் வீசியவன் என் முன்னால் குறுக்கே ஓடிவிட்டான். பிடித்தவன் குதிக்கிறான், பதினொரு பேரும் கத்துகிறார்கள். கேமராவைப் பார்த்துக் கேட்கிற வசதி அந்தத் தொடரில் ரன் அவுட்டுக்கு மட்டும்தான். மச்சானைப் பார்த்தேன். அவருடைய வலது கை நெஞ்சில் இருந்தது. ஐந்து விரலும் விரித்து, சட்டைப் பையின்மேல். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. நான் அவுட் கொடுத்தேன்.

பந்து அரை அடி முன்னாலேயே தரையில் குத்தியிருந்தது. பெரிய திரையில் பத்து முறை போட்டுக் காட்டினார்கள். பாட்டில், செருப்பு, நாற்காலிக் கால் எல்லாம் உள்ளே வந்து விழுந்தன. எங்களை போலீஸ் வண்டியில் வைத்து ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்குள் மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பாகப் பார்த்துவிட்டார், வருத்தப்படுகிறார், விசாரணையில் இருவருமாகச் சேர்ந்து வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

விசாரணையில் அவரிடம் கேட்டார்கள். "என்னைப் பார்த்தார். ஆனா நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் நின்னேன். அவரா முடிவு எடுத்துட்டார்" என்றார். அதே பெருமூச்சு, அதே முகம். எந்தக் கேமராவும் ஸ்கொயர் லெக் பக்கம் திரும்பியிருக்கவில்லை. எழுதி வைக்காத சைகைக்கு சாட்சி ஏது? பார்க்காத கேட்சை அவுட் கொடுத்த அம்பயர் என்று என் பெயருக்கு எதிரே எழுதி, பெரிய மேட்ச்களுக்கான அம்பயர் பட்டியலிலிருந்து என்னை எடுத்தார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அண்ணனுக்கு போன் போட்டுக் கேட்டாள். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "அண்ணன் எதுக்குங்க பொய் சொல்லணும்? பதட்டத்துல உங்களுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும். விடுங்க." அன்பாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அன்றிலிருந்து அவள் எனக்குத் தட்டில் சோறு போடும்போதுகூட, இவர் பொய்க்காரர், ஆனாலும் என் புருஷன் என்று பொறுத்துப் போவதாகவே எனக்குப் பட்டது. பொறுத்துப் போகிற மனைவியோடு பதினேழு வருடம் குடித்தனம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

மச்சான் நூறு டெஸ்ட் முடித்தார். நான் சின்ன நாடுகளின் தகுதிச் சுற்று, பள்ளிப் பிள்ளைகள் தொடர், மழைக்கு ஒதுங்க இடமில்லாத மைதானம் என்று சுற்றினேன். சர்வதேச அம்பயர் என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன், பொய்யில்லை. விமானத்தில் நடுசீட்டு, மூன்று பேருக்கு ஒரு குளியலறை, ஆனாலும் சர்வதேசம்தான். டீவியில் மச்சான் வந்தால் மகள் சத்தத்தைக் கூட்டுவாள். நான் எழுந்து போய்க் குழாயைச் சரிபார்ப்பேன். எங்கள் வீட்டில் ஒரு குழாய்கூட ஒழுகாது.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. தகுதிச் சுற்றின் கடைசி மேட்ச், ஜெயிக்கிற அணிக்கு உலகக் கோப்பையில் இடம். அம்பயர்கள்: நானும் அவரும். அவருக்கு அதுதான் கடைசி மேட்ச். அடுத்த மாதம் அம்பயர்கள் எல்லோருக்கும் தலைவராக அவரை உட்காரவைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

மேட்ச் அன்று காலை அம்பயர் அறையில் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டே சொன்னார். "உங்களோட நிக்கணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன் மாப்ள. ஆரம்பிச்சது உங்களோட, முடிக்கறதும் உங்களோட. எனக்கு ஒரு ஆசை."

"ஏதாவது சொல்லணுமா மச்சான்?" என்றேன். கதவு சாத்தியிருந்தது. எங்களைத் தவிர யாருமில்லை. வாய்ப்பைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

அவர் பிரஷ்ஷைக் கழுவினார். "என்ன சொல்றது? வயசாயிடுச்சு. இனிமேலாவது நீங்களும் தங்கச்சியும் வீட்டுக்கு வந்து போயி இருக்கணும். பழசையெல்லாம் யார் நெனச்சுக்கிட்டு இருக்கா?"

நான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். காலை எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னால் நினைக்கிறேன். சொல்லவில்லை, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டேன். இன்று இந்த ஆள் எங்காவது கால் தடுக்கினால் நான் கை கொடுக்கப்போவதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன்.

சின்ன மைதானம். ஒரே கேமரா. மேலே உட்கார்ந்து பார்க்கும் மூன்றாவது அம்பயர் கிடையாது. ஸ்கோர் எழுதுகிறவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு கூடாரத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது. மாலை நான்கு மணிவாக்கில் இரண்டாவதாக ஆடிய அணிக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. கடைசி ஜோடி நிற்கிறது. மூன்று ஓவர், இருபத்திரண்டு ரன்.

நாற்பத்தெட்டாவது ஓவர் மச்சானுடைய முனையில். அவர் பந்தை எண்ணுவது பழைய வழக்கப்படி, ஆறு சட்டைப் பொத்தான். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும். எண்ணுகிற கருவி எத்தனையோ வந்துவிட்டது, அவர் மாறவில்லை. மூன்றாவது பந்தைத் தடுக்கப் பாய்ந்த ஒரு பையன் தாடையில் அடிபட்டு விழுந்தான். ரத்தம். மச்சான் கையில் இருந்ததையெல்லாம் பைக்குள் போட்டுவிட்டு ஓடினார். பையனின் தலையைத் தாங்கிக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார், மருத்துவர் வரும்வரை பேச்சுக் கொடுத்தார். அந்த மாதிரி நேரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு நிமிடம் போயிற்று. திரும்பி வந்து நின்றவர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பொத்தான்களைப் பிரித்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டார். என் இடத்துக்குப் போகிற வழியில் அவர் பிரித்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கையில் மூன்றுக்குப் பதில் நான்கு, தப்பாகப் பிரிக்கிறார்.

நான்காவது பந்து, ஒரு ரன். இப்போது நான் இரண்டு விரல் காட்டவேண்டும். காட்டவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வயிற்றருகே மூன்று விரல் வைத்து, புருவத்தைத் தூக்கினார். இன்னும் மூன்றா என்று கேட்கிறார்.

  பதினேழு வருடமாக எந்தக் கடவுளிடமும் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்ட ஒன்று, முப்பது கஜ தூரத்தில் மூன்று விரலாக நிற்கிறது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு அவர் நின்றதாகச் சத்தியம் செய்தாரே, அதே நிலை. என் கண் அவர் கண்ணிலேயே இருந்தது. ஒரு விநாடி அவருடைய முகம் மாறியதோ என்னவோ, வெயிலில் சரியாகத் தெரியவில்லை. திரும்பிக்கொண்டார்.

பிறகு நடக்கவேண்டியதைத் திட்டமிட்டுவிட்டேன். விசாரணை வரும். 'கையைக் கட்டிக்கொண்டு நின்றார்' என்று அவர் உண்மையைச் சொல்வார். நான் பெருமூச்சு விட்டு, 'இல்லை, இரண்டு விரல் தெளிவாகக் காட்டினேன், அவராக முடிவு எடுத்துவிட்டார்' என்பேன். உண்மையைச் சொல்லி நம்பிக்கை கிடைக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். இந்தப் பெருமூச்சைக் கண்ணாடி முன்னால் நான் எத்தனையோ நாள் பழகியிருக்கிறேன்.

ஐந்தாவது பந்து ஒன்றுமில்லை. ஆறாவதும் ஒன்றுமில்லை. விதிப்படி ஓவர் முடிந்தது. ஆனால் அம்பயர் சொன்னால்தான் ஓவர், அவர் சொல்லவில்லை. அடிபட்ட குழப்பத்தில் ஆட்டக்காரர்களும் எண்ணவில்லை. கூடாரத்தில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் எழுந்து துண்டை ஆட்டியபோது வீசுகிறவன் ஓட ஆரம்பித்துவிட்டான். ஏழாவது பந்து கூடாரத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆறு ரன். மேட்ச் கடைசி ஓவரின் கடைசி பந்தில் முடிந்தது, ஒரு விக்கெட் மிச்சம் வைத்து அந்தக் கடைசி ஜோடி ஜெயித்தது. அந்த ஆறு இல்லாவிட்டால் தோற்ற அணிதான் ஜெயித்திருக்கும். அம்பயர் தப்பாக எண்ணினாலும் எண்ணியது எண்ணியதுதான் என்று விதி, அதனால் முடிவை மாற்ற முடியாது. தோற்ற அணியின் கேப்டன் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனேன்.

மேட்ச் ரெஃப்ரி ஒரு அம்மா. அந்தக் காலத்தில் பெரிய விக்கெட் கீப்பர். பத்து விரலில் நேரான விரல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் மைதானத்தின் வரைபடம். போனைப் பதிவில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். ஒரே கேமராவில் பதிவானதைக் கணினியில் ஓட்டிக் காட்டினார். மச்சான் மூன்று விரல் காட்டுகிறார். நான் படத்தில் இல்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மூணு விரல் யாருக்குக் காட்டினீங்க?" என்றார் ரெஃப்ரி.

"ஸ்கொயர் லெக்ல நின்ன இவருக்குத்தான் மேடம்" என்றார் மச்சான்.

"அவர் என்ன காட்டினார்?"

நான் பெருமூச்சுக்குத் தயாரானேன். மச்சான் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "ரெண்டு விரல் காட்டினார் மேடம். சரியாத்தான் காட்டினார். வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. நான்தான் மூணுன்னு எடுத்துக்கிட்டேன். இவர் மேல ஒரு தப்பும் இல்ல. மொத்தமும் என் தப்புன்னு எழுதிக்குங்க."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லவேண்டிய பொய்யை எனக்காக இவரே சொல்லிவிட்டார். அதையும் என்னைவிட நன்றாகச் சொன்னார். ரெஃப்ரியின் முகம் இளகியது. மேஜைக்கு அடியில் மச்சானின் கை வந்து என் முழங்காலை இரண்டு முறை தட்டியது.

அந்தத் தட்டுதான். சும்மா இருந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேனோ என்னவோ. 'முடிஞ்சுது மாப்ள, அன்னைக்குப் பண்ணினது இதோட சரியாப்போச்சு' என்று தட்டினார். ஒரு சாயங்காலத்தில் பெரியமனுஷனாகி, என்னைக் காப்பாற்றி, பாவத்தைக் கழுவிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகப் பார்க்கிறார். தங்கையிடமும் யாராவது சொல்வார்கள், 'உங்கண்ணன் உன் புருஷனுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்தார் பார்' என்று. அப்புறம் பதினேழு வருடத்துக்கு முந்தைய கதையை நான் எந்தக் காலத்தில், யாரிடம் சொல்வது? என் காது இரண்டும் சுட்டது.

"நான் காட்டல மேடம்" என்றேன்.

"என்ன?"

"ரெண்டு விரலும் காட்டல, ஒரு விரலும் காட்டல. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன். நாலு பந்து ஆயிடுச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். இவர் தப்பா எண்ணறார்னும் தெரியும். வேணும்னேதான் நின்னேன்."

"மாப்ள!" என்றார் மச்சான். பிறகு ரெஃப்ரியைப் பார்த்து, "நாள் பூரா வெயில்ல நின்னது மேடம், இவருக்குத் தலை சுத்துது. என்ன பேசறோம்னு தெரியாம…"

"எனக்குத் தலை நல்லாத்தான் இருக்கு."

ரெஃப்ரி என்னையே பார்த்தார். "இதைப் பதிவு பண்ணினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். இனிமே எந்த மைதானத்துலயும் நிக்க முடியாது."

"தெரியும். பதிவு பண்ணுங்க."

அவர் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது நெஜம்னா நீங்க சொன்னது பொய். இல்லாத சைகையை இருந்ததா ஏன் சொன்னீங்க? எந்த அம்பயராவது வேணும்னே தன் தலைல மண்ணை வாரிப் போட்டுக்குவாரா?"

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கச்சி புருஷன் மேடம். குடும்பம்… தங்கச்சி முகத்துக்காக…" என்றார்.

ரெஃப்ரி தலையை ஆட்ட ஆரம்பித்தார். அது நல்ல காரணம்தான், யாரும் நம்புவார்கள். நான் விடவில்லை.

"அது காரணம் இல்ல மேடம். தங்கச்சி முகத்துக்காகச் சொல்றவரா இருந்தா பதினேழு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பார். அப்பவும் நான் அவர் தங்கச்சி புருஷன்தான்."

"பதினேழு வருஷத்துக்கு முன்னாடி என்ன?"

 மச்சான் என் பக்கம் திரும்பினார். முப்பது வருடமாக வராத சொல் அவர் வாயில் வந்தது. "வேண்டாம்டா" என்றார். "ரெண்டு பேரும் போயிடுவோம்டா."

"நான் போயிட்டேன் மச்சான். நீங்க சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலை முழுக்க வேர்த்திருந்தது. நான் கணக்காக அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லைக்கோட்டில் கேட்ச் பிடிக்கிறவனின் காலைப் பார்ப்பதுபோல. ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க. பதிவாகணும்" என்றார் ரெஃப்ரி.

"அன்னைக்கு நான்தான் கை காட்டினேன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "நெஞ்சுல கை வெச்சேன் மேடம். சுத்தமான கேட்ச்சுனுதான் எனக்குத் தெரிஞ்சுது. வெளிய வந்தா பாட்டில் பறக்குது. விசாரணைல கேட்டப்ப பயந்துட்டேன். அப்புறம் சொல்லலாம்னு பார்த்தா நாளாயிடுச்சு. நாளானதுக்கப்புறம் சொல்லவே முடியல. இவர் கையைக் கட்டிக்கிட்டு நின்னப்பவே எதுக்கு நிக்கறார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார்.

முனகியதையும் சேர்த்தால் இரண்டு முறை சொன்னார். ஒரு முறைக்குத்தான் நான் காத்திருந்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். என் முதுகு பல வருடத்துக்குப் பிறகு வலிக்காமல் இருந்தது. ரெஃப்ரி வேறு என்னென்னவோ கேட்டார், தலைமை அலுவலகத்துக்கு இன்றே அனுப்பவேண்டும் என்றார், இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். மச்சானுக்குப் பேனா நழுவியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது தோற்ற அணியின் கேப்டன் வராந்தாவில், தன் கிட் பையின்மேல் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். பகலில் ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"சார், நீங்க ஸ்கொயர் லெக்லதானே நின்னீங்க? உங்களுக்குத் தெரியலையா சார்?"

"விசாரணை நடக்குதுப்பா. பேசக் கூடாது" என்றேன்.

"சரி சார்" என்று மறுபடி பையின்மேல் உட்கார்ந்தான்.

அவனுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. அவனுடைய பதினொரு பேரில் ஒருவனைக்கூட எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. அறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் நான் நடந்த வேகத்தைப் பார்த்தால் எவனும் வேலை போன மனுஷன் என்று சொல்லமாட்டான்.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தி, ஷூவைக்கூடக் கழற்றாமல் மனைவிக்கு போன் போட்டேன். அவள் அடுப்படியில் இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது.

"உங்கண்ணன் சொல்லிட்டார்" என்றேன். "அன்னைக்குக் கை காட்டினது அவர்தான். ரெஃப்ரி முன்னாடி, பதிவுல, தன் வாயாலயே சொல்லிட்டார்."

பாத்திரச் சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.  அழுகிறாளோ என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன்.

"நெஞ்சுல கை வெச்சானா?" என்றாள்.

"நெஞ்சுல."

"நீங்க சொன்ன மாதிரியே."

"ஆமா. நான் சொன்ன மாதிரியே."

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. இதற்கும் சேர்த்துத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிறகு கேட்டாள். "திடீர்னு இப்ப எதுக்குச் சொன்னான்? யாராவது மெரட்டினாங்களா?"

அவளிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. பதினேழு வருடம் உண்மை பேசிப் பழகிய வாய். மூன்று விரல், கட்டிய கை, ஏழாவது பந்து, ஆறு ரன், விசாரணை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ருசியாக இருந்தது. மச்சான் பேனாவை நழுவவிட்டதைக்கூட விடவில்லை.

"அப்ப அந்தத் தோத்த பிள்ளைங்க?" என்றாள்.

"அவங்க… அது வேற."

அடுப்பை மறுபடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை அழவில்லை என்று தெரிந்தது.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு பதினேழு வருஷமா நெனச்சேன்" என்றாள் நிதானமாக. "அப்படி நெனச்சப்பக்கூட ஒரு நாளும் உங்கள இப்படி நெனச்சதில்லைங்க."

ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?"

"ஆமா" என்றேன். அப்படித்தான் இருந்தேன்.